வேலை போனவர் நிரபராதி என்பது மட்டும் போதாது

பிரிட்டனின் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயங்களிலிருந்து அவ்வப்போது வெளிவரும் ஒரு வகைத் தீர்ப்பு, சட்டம் படிக்காதவரைத் திகைக்க வைத்துவிடும். கல்லாப் பணத்தில் கை வைத்ததாகச் சொல்லி நீக்கப்பட்ட கடை ஊழியர் ஒருவர் வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாட்சிகளைக் கேட்டு முடித்த நீதிபதி, ‘இவர் பணத்தை எடுக்கவில்லை’ என்று ஒரு பத்தியில் எழுதுகிறார். அதே தீர்ப்பின் இன்னொரு பத்தியில், ‘இவரை நீக்கிய நிறுவனம் நியாயமாகவே நடந்துகொண்டது’ என்றும் எழுதுகிறார். நீதிபதிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இரண்டுமே சட்டப்படி சரியான முடிவுகள்தான்.

அந்த ஊழியர் ஒரே படிவத்தில் இரண்டு வழக்குகளைத் தொடுத்திருக்கிறார் என்பதே காரணம். ஒன்று, நியாயமற்ற பணிநீக்கம். லண்டன் தமிழர் பேச்சில் ‘அன்ஃபேர் டிஸ்மிசல்’. இன்னொன்று, ஒப்பந்தத்தை மீறிய பணிநீக்கம். வழக்கறிஞர்கள் ‘ராங்ஃபுல் டிஸ்மிசல்’ என்பார்கள். பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். பிறப்பு, வயது, கேட்கும் கேள்வி, கொடுக்கும் பணம் எல்லாமே வேறு. தன் மீது விழுந்த பழியைத் துடைக்க வேண்டும் என்ற வேகத்தில் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதல் வழக்கில் விசாரிக்கப்படுவது ஊழியர் அல்ல, முதலாளி. அதுவும் முதலாளி எடுத்த முடிவு சரியா என்பதல்ல, அதை எடுத்த விதம் எப்படி என்பதே கேள்வி.

வயதில் மூத்தது ஒப்பந்த வழக்கு. நீதிமன்றங்கள் வழக்கிலிருந்து வளர்த்தெடுத்த பொதுச் சட்டத்தில் பிறந்தது. அதன் தர்க்கம் எளிமையானது. வேலை என்பது ஓர் ஒப்பந்தம். அதை முடிக்க வேண்டுமானால் ஒப்புக்கொண்ட நோட்டீஸ் காலம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வெளியே அனுப்பினால் அந்தக் காலத்துச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும். அவ்வளவுதான். ஏன் அனுப்பினாய், கேட்டுவிட்டு அனுப்பினாயா, அவமானப்படுத்தினாயா என்பதெல்லாம் இந்தச் சட்டத்தின் காதில் ஏறாது.

இதற்கு எல்லை போட்ட வழக்கின் வேர் நம் பக்கத்துக் கல்கத்தாவில் இருக்கிறது. அங்கே கிராமபோன் கம்பெனியின் மேலாளராக இருந்த ஆடிஸ் என்பவருக்கு 1905 அக்டோபரில் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அவர் இடத்தில் வேறொருவரை உட்காரவைத்தும் விட்டார்கள். ஆறு மாதம் வேலை செய்யும் உரிமை காகிதத்தில் இருந்தது, நாற்காலி இல்லை. வெள்ளைக்கார வணிக வட்டாரத்தில் அது எப்பேர்ப்பட்ட தலைகுனிவு என்று ஊகிக்கலாம். அவர் டிசம்பரில் இங்கிலாந்து திரும்பி வழக்குப் போட்டார். ஜூரி மனமிரங்கியது. அன்று நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1909இல் இரங்கவில்லை. சம்பளமும் கமிஷனும் எவ்வளவு போனதோ அதைக் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். நீக்கிய விதம் கொடூரமாக இருந்தது என்பதற்காகத் தனியாகக் காசு கிடையாது என்று சொல்லிவிட்டது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த வழக்கின் நிழல் போகவில்லை. 2001இல் யூனிசிஸ் நிறுவனத்துக்கு எதிராக ஜான்சன் தொடுத்த வழக்கில், நீக்கப்பட்ட விதத்தால் மனநோய்க்கு ஆளானதாக அவர் வாதிட்டபோதும், ஒப்பந்தச் சட்டத்தின் கதவு திறக்கவில்லை.

நோட்டீஸே தராமல் அன்றைக்கே அனுப்ப முதலாளிக்கு ஒரு வழி உண்டு. ஊழியர் செய்த காரியம் ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே உடைத்துவிட்டது என்று காட்டுவது. கடும் ஒழுங்கீனம் என்று பணிநீக்கக் கடிதங்களில் வரும் சொற்றொடர் இதைத்தான் குறிக்கிறது. எது கடுமையானது, எது வெறும் கோபம் என்பதற்கு, சட்டக் கல்லூரிகளில் இரண்டு தோட்டக்காரர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவார்கள்.

முதல் தோட்டக்காரர் 1969இல் தீர்ப்பான பெப்பர் வழக்கின் நாயகர். வேலையில் அசட்டை என்று ஏற்கெனவே புகார் இருந்தது. ஒரு சனிக்கிழமை நண்பகல் நெருங்கும் வேளையில் செடிகளை நடச் சொன்னபோது மறுத்துவிட்டு, உங்கள் கண்ணாடிக்குடிலும் தோட்டமும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்ற பொருளில், அச்சில் ஏற்ற முடியாத அடைமொழிகளோடு பேசினார். உடனடி நீக்கம் செல்லும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அடுத்தவர் 1974இல் தீர்ப்பான வில்சன் வழக்கில் வருகிறவர். இவர் பேசியது முன்னவர் பேசியதைவிட மோசம். முதலாளியின் மனைவியும் குழந்தைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதற்கு முன் நடந்ததை நீதிமன்றம் பார்த்தது. மழைத்தூறலில் மின்சாரக் கத்தரியால் வேலி வெட்டுவது ஆபத்து என்று நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்தவரை, வேலையிலிருந்து நழுவினாய் என்று முதலாளி வம்புக்கு இழுத்தார். அவர் விலகிப் போனபோதும் விடாமல் இன்னொரு குற்றத்தைத் தேடி எடுத்தார். அப்போதுதான் வாய் வெடித்தது. நோட்டீஸ் இல்லாமல் நீக்கியது ஒப்பந்த மீறல் என்று தீர்ப்பு. ஜார் மன்னருக்கும் பண்ணையடிமைக்கும் இருந்த உறவுபோல எஜமான்–வேலைக்காரன் உறவைப் பார்த்த பழைய முன்தீர்ப்புகள் இன்றைக்குச் செல்லாது என்று எட்மண்ட் டேவிஸ் நீதிபதி அதில் குறிப்பிட்டதைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். தோட்டக்காரர் பேசிய வசனத்தைத்தான் மாணவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒப்பந்த வழக்கில் உண்மையில் என்ன நடந்தது என்பதை நீதிபதியே தன் கையால் தீர்மானிக்கிறார் என்பதை இந்த இரண்டு வழக்குகளிலும் கவனிக்கலாம். ஊழியர் திருடினாரா இல்லையா? முதலாளி நிரூபிக்க வேண்டும். நம்பினேன் என்று சொன்னால் போதாது.

இளைய வழக்கு நாடாளுமன்றம் பெற்ற பிள்ளை. 1972 பிப்ரவரி வரை பிரிட்டனில் நோட்டீஸ் பணத்தை நீட்டிவிட்டு யாரை வேண்டுமானாலும் எந்தக் காரணமும் சொல்லாமல் அனுப்பலாம். டோனவன் ராயல் கமிஷன் 1968இல் இந்த நிலைமையைச் சுட்டிக்காட்டிப் பரிந்துரை செய்தது. ஹீத் தலைமையிலான கன்சர்வேடிவ் அரசின் 1971ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டம், நியாயமின்றி நீக்கப்படாதிருக்கும் உரிமையைக் கொண்டுவந்தது. தொழிற்சங்கங்கள் அந்தச் சட்டத்தை அறவே வெறுத்தன. 1974இல் வந்த லேபர் அரசு அதைத் தூக்கியெறிந்தது. இந்த உரிமையை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. இப்போது அது 1996ஆம் ஆண்டு வேலை உரிமைகள் சட்டத்தில், 94ஆம் பிரிவிலிருந்து தொடங்கி உட்கார்ந்திருக்கிறது.

அந்தச் சட்டப்படி நீக்கத்துக்கு ஐந்து வகைக் காரணங்களை மட்டுமே முதலாளி சொல்லலாம்: திறமையின்மை அல்லது உடல்நிலை, நடத்தை, ஆட்குறைப்பு, வேலையில் தொடர்வதையே சட்டம் தடுக்கும் நிலை, இவற்றில் அடங்காத வேறு கனமான காரணம். ஐந்தாவது கோணிப்பை, எதையும் அதற்குள் திணித்துப் பார்ப்பார்கள். காரணம் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் காரணத்தை வைத்து நீக்கியது, நிறுவனத்தின் அளவையும் வசதியையும் கருதும்போது, நியாயமான செயலா என்று தீர்ப்பாயம் பார்க்கும். 98ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்வது இவ்வளவுதான். மீதியெல்லாம் வழக்குகள் எழுதியது.

அவற்றில் முதன்மையானது 1978இல் வந்த பர்செல் வழக்கு. பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் கடை விற்பனையாளர் ஒருவர், ஊழியர் சலுகை விலையில் பொருள் வாங்கியதில் முறைகேடு செய்ததாக நீக்கப்பட்டார். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வகுத்த மூன்று கேள்விகள் இன்றைக்கும் ஒவ்வொரு நடத்தை வழக்கிலும் ஓதப்படுகின்றன. ஊழியர் தவறு செய்தார் என்று முதலாளி உண்மையாகவே நம்பினாரா? அப்படி நம்ப அவருக்கு ஆதாரம் இருந்ததா? அந்த நம்பிக்கைக்கு வருவதற்குமுன் முடிந்த அளவு விசாரித்தாரா? மூன்றுக்கும் ஆம் என்றால், ஊழியர் உண்மையில் தவறு செய்தாரா என்பது நான்காவது கேள்வியாக வருவதே இல்லை.

கல்லா ஊழியருக்கு வருவோம். கேமராப் பதிவில் அவர் கை கல்லாவுக்குள் போவது தெரிகிறது. அன்று 40 பவுண்டு குறைகிறது. மேலாளர் இரண்டு சக ஊழியர்களிடம் கேட்டு எழுதி வாங்கினார். குற்றம் சாட்டப்பட்டவரைத் துணையோடு அழைத்து விளக்கம் கேட்டார். மேல்முறையீட்டை வேறொரு மேலாளர் விசாரித்தார். நேர்மையாக விசாரித்துத் தவறான முடிவுக்கு வந்த நிறுவனம் இது. பர்செல் சோதனையில் தேறிவிடும். பல மாதம் கழித்துத் தீர்ப்பாயத்தில் சாட்சி குறுக்கு விசாரணைக்கு உள்ளாகும்போது, பணத்தை எடுத்தது அந்தச் சாட்சிதானோ என்ற சந்தேகம் நீதிபதிக்கு வரலாம். ஒப்பந்த வழக்கில் அது ஊழியரை வெற்றிபெறச் செய்யும். நியாயமற்ற பணிநீக்க வழக்கில் அது காலம் கடந்த ஞானம்.

எதிர்த்திசையிலும் இதே வேடிக்கை உண்டு. நீக்கிய பிறகு பழைய திருட்டு ஒன்று வெளிவருகிறது. ஒப்பந்த வழக்கில் முதலாளி அதைக் கையிலெடுக்கலாம். 1888இல் மீன்பிடிக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் ஒருவர் கப்பல் கட்டுபவரிடம் இரகசியக் கமிஷன் வாங்கியது பின்னால் தெரியவந்தபோதே இது முடிவாகிவிட்டது. நியாயமற்ற பணிநீக்க வழக்கில் முடியாது. 1977இல் இறைச்சிக்கூட மேலாளர் ஒருவரின் வழக்கில், நீக்கிய நாளில் முதலாளிக்குத் தெரிந்திருந்ததை வைத்துத்தான் நியாயத்தை அளக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபை சொன்னது. வென்றவருக்கு ஒரு காசும் தராமல் விடலாம் என்று கூடவே சேர்த்தும் சொன்னது.

தண்டனை அதிகமோ என்று நீதிபதிக்குத் தோன்றினால்? அங்கேயும் அவர் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒரே தவறுக்கு ஒரு நியாயமான முதலாளி எச்சரிக்கை தரலாம், இன்னொரு நியாயமான முதலாளி நீக்கலாம். அந்த எல்லைக்குள் எது நடந்தாலும் தீர்ப்பாயம் தலையிடக் கூடாது. 1982இல் ஐஸ்லாந்து ஃப்ரோசன் ஃபுட்ஸ் வழக்கில் உருவான அளவுகோல் இது. இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் அலுவலகத்தைச் சரியாகப் பூட்டிப் பாதுகாக்கவில்லை என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு.

இந்த அளவுகோல் ஊழியருக்குப் பாதகமாகச் சாய்ந்திருக்கிறது என்பது என் கருத்து. அப்படி நினைத்தவர்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலேயே இருந்தார்கள். 1999இல் ஹாடன் என்பவரின் வழக்கு அவர்கள் முன் வந்தது. பதினைந்து ஆண்டு நற்பணிக்காக நிறுவனமே அவருக்குப் பாராட்டு விழா வைத்தது. விழாவில் மது பரிமாறினார்கள். விழா முடிந்து ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மிச்சமிருந்ததோ சொற்ப நேரம். அவர் திரும்பவில்லை. நீக்கிவிட்டார்கள். முதல் தீர்ப்பாயம், அளவுகோலுக்குக் கட்டுப்பட்டு, நியாயமே என்றது. மேல்முறையீட்டில் அந்த முடிவும் கவிழ்ந்தது, அளவுகோலும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பதினைந்து ஆண்டைப் பாராட்டிவிட்டு ஒரு மாலைப் பொழுதுக்காக வெளியே தள்ளுவதைச் சரி என்று சொல்ல வைக்கும் அளவுகோலில் ஏதோ கோளாறு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு வழக்குகளில் பழைய அளவுகோலை அப்படியே மீட்டு வைத்தது. இன்றும் அதுவே ஆள்கிறது.

ஆகவே ஊழியர்கள் வெல்வது பெரும்பாலும் நடைமுறைக் குறைபாட்டால்தான். ஏகாஸ் என்ற சமரச அமைப்பு ஒழுங்கு நடவடிக்கைக்கு ஒரு நெறிமுறை வைத்திருக்கிறது: குற்றச்சாட்டை எழுத்தில் சொல், ஆதாரத்தைக் காட்டு, துணையாள் ஒருவரோடு வந்து பேச விடு, மேல்முறையீடு கொடு. தமிழ்நாட்டு ஆலைகளில் மெமோ, விளக்கம், உள்விசாரணை என்று பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மீறினால் இழப்பீடு 25 சதவீதம்வரை கூடலாம். இப்படி வென்றவரும் கொண்டாடுவதற்குமுன் போல்கி என்ற பெயரைக் கேட்க வேண்டியிருக்கும். 1982இல் வேன் ஓட்டுநரான அவரை முன்னறிவிப்பு ஏதுமின்றி அறைக்குக் கூப்பிட்டு, ஆட்குறைப்பு என்று சொல்லி அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். கலந்து பேசியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பது நிறுவனத்தின் வாதம். 1987இல் பிரபுக்கள் சபை, அந்த வாதத்தால் நீக்கம் நியாயமாகிவிடாது என்றது. ஆனால் முறையாகச் செய்திருந்தாலும் வேலை போயிருக்கும் வாய்ப்பு எவ்வளவோ, அவ்வளவுக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம் என்றது. ‘போல்கி கழிவு’ என்று வழக்கறிஞர்கள் அன்றாடம் பேசுவது இதுதான். கொள்கையில் ஊழியருக்கு வெற்றி, காசில் முதலாளிக்கு.

காசைப் பார்த்துவிடுவோம். 35 வயது, எட்டு ஆண்டு சர்வீஸ், வாரம் 480 பவுண்டு சம்பளம் என்று கொள்வோம். ஒப்பந்த வழக்கில் சட்டம் தரும் குறைந்தபட்ச நோட்டீஸ், ஆண்டுக்கு ஒரு வாரம், அதிகபட்சம் பன்னிரண்டு வாரம். எட்டு வாரத்துக்கு 3,840 பவுண்டு. நியாயமற்ற பணிநீக்கத்தில் முதலில் அடிப்படைத் தொகை. 22 முதல் 40 வயதுவரையிலான சர்வீஸில் ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம். அதுவும் 3,840. அதற்குமேல் உண்மையான இழப்பு: புதிய வேலை கிடைக்கும்வரை போன சம்பளம், பென்ஷன். இதற்குத்தான் உச்சவரம்பு. 2025 ஏப்ரலில் அது 1,18,223 பவுண்டு என்று நிர்ணயிக்கப்பட்டபோது தலைப்புச் செய்திகளில் பெரிய தொகையாகத் தெரிந்தது. ஆனால் சட்டம் சொல்வது அந்தத் தொகை அல்லது 52 வாரச் சம்பளம், எது குறைவோ அது. நம் ஊழியருக்கு 24,960 பவுண்டுதான் கூரை. அதற்குள்ளும் மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டால் மூன்று மாத இழப்புதான். வேலை தேடவில்லை என்று காட்டினால் அதுவும் குறையும். மனம் நொந்ததற்கு ஒன்றுமில்லை; 2004இல் ஹல் நகர மன்றத்துக்கு எதிரான வழக்கில் அதையும் மூடிவிட்டார்கள். பாகுபாட்டு வழக்கு என்றால் கதை வேறு. வேலையைத் திரும்பக் கொடு என்று உத்தரவிடத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. கொடுப்பது மிக அரிது. மறுநியமனமும் பின்சம்பளமும்தான் தொழிலாளர் வழக்கின் பொருள் என்று இந்தியாவில் நினைத்துப் பழகியவர்களுக்கு இது வினோதமாக இருக்கும்.

இவ்வளவுக்கும் முன்னால் வாசலில் இரண்டு காவலாளிகள் நிற்கிறார்கள். ஒருவர் சர்வீஸ் கேட்பவர். நியாயமற்ற பணிநீக்க வழக்குக்கு 1979இல் ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும் என்றார்கள், 1985இல் இரண்டு, 1999இல் ஒன்று, 2012இல் மறுபடி இரண்டு. வெஸ்ட்மின்ஸ்டரில் ஆட்சி மாறியதை இந்த எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். (வட அயர்லாந்தில் தனிச் சட்டம், அங்கே ஓராண்டு.) முதல் நாளிலிருந்தே உரிமை என்று வாக்குறுதி கொடுத்து வந்த லேபர் அரசு, கடைசி நேரத்தில் ஆறு மாதத்துக்கு இறங்கி வந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலை உரிமைகள் சட்டப்படி 2027 ஜனவரி முதல் ஆறு மாத சர்வீஸ் போதும். இழப்பீட்டு உச்சவரம்பும் நீங்குகிறது. கர்ப்பம், தொழிற்சங்க உறுப்பினர் ஆனது, முறைகேட்டை வெளிப்படுத்தியது போன்றவற்றுக்காக நீக்கினால் எப்போதுமே சர்வீஸ் கணக்கு இல்லை. ஒப்பந்த வழக்குக்கும் இல்லை. ஆனால் தீர்ப்பாயம் அதில் 25,000 பவுண்டுக்கு மேல் தர முடியாது. அதற்குமேல் கேட்பவர் சாதாரண நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அங்கே (இங்கிலாந்திலும் வேல்ஸிலும்) ஆறு ஆண்டு அவகாசம் உண்டு.

இன்னொரு காவலாளி கடிகாரம். நீங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அதற்குள் ஏகாஸிடம் சமரசத்துக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களின் சான்றிதழ் எண் இல்லாமல் படிவம் ஏறாது. நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்பதில்லை. இதை அறியாமல் வழக்கை இழந்தவர்கள் ஏராளம். கெடுவை ஆறு மாதமாக்கும் பிரிவு புதிய சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது எந்த நாளிலிருந்து பொருந்தும் என்று உறுதியாகத் தெரியாதவரை மூன்று மாதக் கணக்கில் நடப்பதுதான் பிழைக்கும் வழி. ஒரு காலத்தில் மூன்றாவது காவலாளியும் இருந்தார். 2013 ஜூலை முதல் இந்த வழக்குக்கு 250 பவுண்டு, விசாரணைக்கு இன்னொரு 950 என்று கட்டணம் வைத்தார்கள். வழக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்துபோனது. யூனிசன் தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம்வரை போய் 2017இல் அந்தக் கட்டணத்தைச் சட்டவிரோதம் என்று உடைத்தது.

முதலாளியின் ஸ்பான்சர்ஷிப்பில் விசா பெற்று வந்தவர்களுக்குக் கடிகாரம் இரண்டு. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள் பலர் இதில் சிக்குகிறார்கள். வேலை போனதை நிறுவனம் உள்துறைக்குத் தெரிவித்ததும், பொதுவாக 60 நாளுக்குள் புதிய ஸ்பான்சரைத் தேட வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். வந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு நியாயமற்ற பணிநீக்க வழக்கே பெரும்பாலும் கிடையாது. கையில் மிஞ்சுவது அந்த மூத்த வழக்கும், தராத சம்பளமும்தான்.

அந்த மூத்த வழக்கைப் படிவத்தில் தேடினால் கிடைக்காது. ஈடி1 என்ற வழக்குப் படிவத்தின் எட்டாம் பகுதியில் ‘நியாயமின்றி நீக்கப்பட்டேன்’ என்று ஒரு கட்டம் பளிச்சென்று இருக்கும். பெரும்பாலானோர் அதில் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒப்பந்த மீறல் வழக்கு சற்றுக் கீழே, தரவேண்டிய தொகைகளின் வரிசையில், ‘நோட்டீஸ் சம்பளம்’ என்ற பெயரில் இருக்கிறது. அங்கே டிக் போடாமல், விவரப் பகுதியிலும் எழுதாமல் விட்டுவிட்டு, பிறகு சேர்க்க வேண்டுமானால் தீர்ப்பாயத்தின் அனுமதி கேட்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தான் எடுக்கவில்லை என்று ஒரு நீதிபதி வாயால் கேட்க விரும்பும் கல்லா ஊழியர் டிக் போட வேண்டிய கட்டம் அதுதான்.